ரப்பர் புழுவை இழுக்காதீர்கள், விழ விடுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து ஐந்து அங்குல ரப்பர் புழு இரண்டு பாக்கெட் வாங்கினேன். மூன்று வாரமாக எங்கள் பக்கத்து ஏரிகளில் வீசுகிறேன். வேலம்பாசிதான் வருகிறது. சில நேரம் வாலை மட்டும் ஏதோ கடித்துத் துண்டாக்கிவிடுகிறது. விராலுக்கு இந்த முறை ஒத்து வருமா? எப்படிக் கோப்பது?”

ஒத்து வரும். நம் ஏரிகளில் பாஸ் கிடையாது. அது வட அமெரிக்க மீன். ஆனால் அதுவும் விராலும் வேட்டையாடும் விதத்தில் நெருங்கியவை. இரண்டும் மறைவில் நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். அதனால் ஃபினெஸ் எனப்படும், மெல்லிய நரம்பில் (தூண்டில் இழை) மெதுவாகப் பாஸ் பிடிக்கும் முறையில் பாதி நமக்கு அப்படியே உதவும், பாதியை விட்டுவிட வேண்டும்.

விட வேண்டியது மெல்லிய நரம்பு. அங்கே தெளிந்த நீரில், தூண்டிலைப் பார்த்துப் பார்த்து உஷாராகிவிட்ட மீனுக்காக 6, 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு போடுகிறார்கள். நம் ஏரி கலங்கிய தண்ணீர். உள்ளே கருவேல மரத்தூர், கோரை, ஆகாயத்தாமரை. விரால் கடித்ததும் நேரே அதற்குள்தான் ஓடும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுங்கள், பலோமர் முடிச்சு கட்டுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது வேகக் குறைவு. நீங்கள் வீசியதும் ரீலைச் சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாசி அவ்வளவு வருகிறதே. உப்புச் சேர்த்துச் செய்த அந்தப் புழுவுக்குத் தன் எடையே போதும். ஈயம் எதுவும் இல்லாமல் தானாக மெல்ல இறங்கும். இறங்கும்போதே உடல் லேசாக நடுங்கும். மீனைக் கூப்பிடுவது அந்த நடுக்கம்தான். சுற்றினால் அது போய்விடும்.

பாசி உள்ள இடத்துக்கு டெக்சாஸ் ரிக் (ரிக் என்றால் கோக்கும் முறை), அதுவும் ஈயம் இல்லாமல். கழுத்து மடிந்த 3/0 ஆஃப்செட் முள் வாங்குங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். மடிந்த கழுத்து தலைக்குள் போய் உட்காரும் வரை இழுத்து, முள்ளைத் திருப்பி நுனி புழுவைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது புழுவைத் தொங்கவிட்டால் முள்ளின் வளைவு எந்த இடத்தில் படுகிறதோ, அந்த இடத்தில் குத்தி மறுபுறம் வரவழைத்து, நுனியை மேல்தோலுக்குள் லேசாக மறைத்துவிடுங்கள். அளவு தவறினால் புழு வில் மாதிரி வளைந்து நிற்கும். வளைந்த புழு தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். நேராக இல்லையென்றால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். இந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்படாதீர்கள்.

மதகுப் படிக்கட்டு, கலங்கல் பக்கம், பாசிக்கு நடுவே தெரிகிற வெறும் தண்ணீர் ஆகிய இடங்களில் வாக்கி ரிக் நன்றாக வேலை செய்யும். புழுவின் நடுவில் முள்ளைக் குறுக்கே குத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முனையும் அசைந்துகொண்டே இறங்கும். புழு சீக்கிரம் கிழியும் என்பதால், குழாய்க் கடையில் கிடைக்கும் சின்ன ரப்பர் வளையத்தை நடுவில் மாட்டி, முள்ளை அதற்கடியில் செருகுங்கள். முள் வெளியே தெரிவதால் பாசிக்குள் இதை வீச வேண்டாம். டிராப் ஷாட் என்று ஈயத்தைக் கீழே, முள்ளை மேலே கட்டுகிற முறை ஆழமான நீருக்கானது. மோர்தானா அணை மாதிரி மலைக்கு நடுவே தேங்கிய நீரில் முயலலாம், இடுப்பளவு ஏரியில் தேவையில்லை.

வாலைக் கடிப்பது பெரும்பாலும் ஜிலேபியாகவோ சின்ன கொரவையாகவோ இருக்கும். கடிபட்ட புழுவை எறியாதீர்கள். பாதியாக வெட்டி, காளான் வடிவ ஈயத் தலையுள்ள சின்ன ஜிக் முள்ளில் கோத்தால் அதுதான் நெட் ரிக். கொரவைக்கு அருமையானது.

சரி, எங்கே வீசுவது? இதில் பாஸ் பிடிப்பவரைவிட நமக்கு வசதி அதிகம். விரால் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அதனால் கரைக்குப் போனதும் ராடை எடுக்காமல் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்ட அலை. அதன் மேலேயே வீசினால் ஓடிவிடும். இரண்டு, மூன்று அடி தாண்டி வீசி, அந்த இடத்துக்கு மெல்லக் கொண்டுவந்து நிறுத்தி, விழ விடுங்கள். நரம்பைத் தளர்வாக விட்டு, அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். தரையைத் தொட்டதும் பத்து எண்ணிவிட்டு ராடு நுனியை ஒரு சாண் தூக்கி மறுபடி விடுங்கள்.

கடி பெரும்பாலும் கைக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும். நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது இறங்க வேண்டியது பாதியில் நின்றுவிடும். உடனே வெட்டி இழுக்காதீர்கள். ராடைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, மீனின் கனம் தெரிந்ததும் அழுத்தமாக மேலே தூக்குங்கள். மறைந்திருக்கும் முள் புழுவைக் கிழித்து வந்து, விராலின் கெட்டித் தாடையில் ஏற வேண்டும். அதன் பிறகு நரம்பைத் தளரவே விடக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கிழிந்த ரப்பரை ஏரியில் போடாமல் பையில் எடுத்து வாருங்கள், அது மக்காது.

அப்புறம், மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கும் நாட்களில் செக்கச்செவேலென்று சின்னக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிப்பதைப் பார்ப்பீர்கள். அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் பசி இல்லாமலே பாயும். உங்கள் புழுவையும் கடிக்கும், நிச்சயமாகக் கடிக்கும். தயவுசெய்து அங்கே வீசாதீர்கள். காவல் போனால் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். கரையோடு ஐம்பது அடி தள்ளிப் போய், அடுத்த ‘ப்ளக்’ சத்தத்துக்குக் காத்திருங்கள்.