பதில்: கடை சைட்ல தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வருது

தம்பி, வெள்ளவத்தையில மாமாட கடைக்கு பிஎச்பி எண்ட புரோகிராம் மொழியில சைட் செய்றீங்க, சாமான் பேர் தமிழ்ல அடிச்சா ????? எண்டு வருது எண்டு போட்டிருந்தீங்க. ஃபொண்ட் பிழையில்ல, அதை மாத்தி நேரத்தை வீணாக்காதீங்க, ஃபொண்ட் இல்லாட்டி கட்டம் கட்டமாத்தான் வரும்.

முதல்ல பிஎச்பிமைஅட்மின்ல, அதான் டேட்டாபேஸை பாக்கிற பக்கத்துல, சாமான் பேர் இருக்கிற டேபிளைத் திறந்து பாருங்க. அங்க தமிழ் ஒழுங்கா தெரிஞ்சா டேட்டா பத்திரமா இருக்கு, சைட்டுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில உள்ள கனெக்‌ஷன்தான் பிழை, கனெக்ட் பண்ணின கையோட எழுத்து முறையைச் சொல்ற செட்_சார்செட்ல யூடிஎஃப்8எம்பி4 (தமிழும் எமோஜியும் எல்லாம் அடங்கிற முறை) குடுங்க, சரியாயிரும். அங்கயும் கேள்விக்குறி எண்டா எழுத்து சேவ் ஆகேக்கையே போயிட்டுது, திரும்ப எடுக்கேலாது, சொல்லவே கவலையா இருக்கு. மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸ்ல 5.7 வரைக்கும் டிஃபோல்ட், தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1 தான், 8.0 லதான் மாத்தினவங்க. டேபிளை யூடிஎஃப்8எம்பி4க்கு கன்வேர்ட் பண்ணிட்டு பேரெல்லாம் திரும்ப அடிக்கோணும். சும்மா யூடிஎஃப்8 போடாதீங்க, தமிழுக்கு 3 பைட் காணும், ஆனா கனக்க எமோஜிக்கு 4 வேணும், கஸ்டமர் ஒராள் கமெண்ட்ல ஒரு சிரிப்பு முகம் போட்டா அதோட மாட்டும்.

நான் பகல்ல கொள்ளுப்பிட்டியில கணக்கு வேலை, ராவு பிள்ளை படுத்தாப்பிறகுதான் கோட் எழுதுறது, இதே பிழையில அம்மாட சமையல் குறிப்பு 40 போயிட்டுது. அவ பக்கத்துல இருந்து ஒவ்வொண்டா திரும்பச் சொன்னவ. அதால கன்வேர்ட் பண்ண முதல் கட்டாயம் எக்ஸ்போர்ட் ஒண்டு எடுத்து வைங்க தம்பி. சரிவராட்டி கனெக்‌ஷன் கோடை இங்க போடுங்க, பாஸ்வேர்டை அழிச்சிட்டு, இரவைக்கு பாக்கிறன்.