யாழினி: ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா?

கேள்வி: மகளுக்கு யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. ஆங்கிலத்தில் இசட்-எச் வேண்டும் என்கிறார் மனைவி, எல் போதும் என்கிறேன் நான். ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பதிலும் குழப்பம்.

பதில்: குழந்தை இந்தியாவில் வளரப்போகிறாள் என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஒய்-ஏ-இசட்-எச்-ஐ-என்-ஐ, மொத்தம் ஏழு எழுத்து, ஏ ஒன்றே ஒன்று.

ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது. வழக்கமும் ஒன்றாக இல்லை: ‘தமிழ்’, ‘பழனி’, ‘சோழிங்கநல்லூர்’ எல்லாம் எல், ‘கழகம்’, ‘கோழிக்கோடு’ இசட்-எச். ஆய்வு நூல்களில் எல்லுக்கு அடியில் கோடு போடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு வெறும் 26 எழுத்துதான், கோடு புள்ளிக்கெல்லாம் இடமில்லை. ஆக, எப்படி எழுதினாலும் ஒலி முழுசாக வராது. அப்புறம் ஏன் இசட்-எச்? பெயர் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வரும் என்பதால். பல விண்ணப்பங்களில் ஆங்கிலப் பெயரைத்தான் முதலில் தட்டுகிறார்கள், தமிழ்க் கட்டத்தை மென்பொருளோ ஊழியரோ நிரப்புகிறார். எல் இருந்தால் அது யாலினி ஆகும், யாளினி ஆகும். இசட்-எச்சைப் பார்த்த தமிழர் எவரும் ழ தவிர வேறு போட மாட்டார்.

அதற்கும் குறை உண்டு. எச் விழுந்தால் யாசினி. இசட்டை எஸ் என்று எடுத்துக்கொண்டால் யாஷினி, இதுதான் ஆபத்து. அதுவும் புழக்கத்தில் உள்ள பெயர் என்பதால் தப்பு யார் கண்ணிலும் படாது. அவசரத்தில் தட்டும்போது எச் முன்னால், இசட் பின்னால் போய்விடுவதும் உண்டு. எந்தப் படிவமானாலும் அந்த இரண்டு எழுத்தில் மட்டும் விரலை வைத்துப் பாருங்கள்.

‘ஏ’ இரண்டு வேண்டாம். ஒன்றைப் பார்த்து யாரும் ‘யழினி’ என்று கூப்பிடப் போவதில்லை, கூடுதல் எழுத்து கூடுதல் பிழைக்கு இடம், அவ்வளவுதான். ஒலியை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020இல் வந்த அரசாணை நினைவிருக்கலாம்: 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றினார்கள், எழுந்த விமர்சனத்தில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். நியூமராலஜிக்காக எழுத்துக் கூட்டுவதாக இருந்தால் அது உங்கள் விருப்பம்; ஆனால் பதிவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் வளர்கிறாள் என்றால் கதை வேறு. அங்கே இசட்-எச்சை ‘ஸ’ அல்லது ‘ஷ’ போலத்தான் படிப்பார்கள், எல் எவ்வளவோ மேல். யாழ்ப்பாணத்து வழக்கில் ‘யாழ்’ என்பதை ஆர்-எல் போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பில் மெய்க்கு முன்னால் வரும் ஆர் ஒலிக்காது, முன்னுள்ள ஏ நெடிலாகும். அதனால் லண்டனில் அது பொருந்தும். டொராண்டோவில் ஆர் ஒலிக்கும், பிள்ளை ‘யார்லினி’ ஆகிவிடுவாள்.

இனிப் பதிவு. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஏற்றிய பெயரை மனம் மாறி மாற்ற முடியாது, எழுத்துப் பிழையைத் திருத்த மட்டும்தான் வழி. 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆவணம் இந்தச் சான்றிதழ்தான். அதனால் முதலில் இது, பிறகு இதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஆதார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், இப்போதே ஒன்றைச் செலவழிக்காதீர்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் முழுசாகவா என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் படிவத்தில் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்பார்கள்.

தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயர் இரு மொழியிலும் வரும். ஆங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் ‘யாளினி’யைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். (கௌசல்யா, மௌனிகா என்று வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்போடு ‘ள’ தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினித் தேடலில் கிடைக்காது.) பெயரை இரு மொழியிலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். பதிவை முடிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.