மறுப்பதற்கில்லை

கேள்வி: தாத்தாவின் பத்திரப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதிய பழைய வக்கீல் கடிதம் ஒன்று கிடைத்தது. எங்கள் கடைமடை வயலுக்கு வாய்க்கால் தண்ணீரில் உள்ள முறையை யாராலும் ‘கெயின்சே’ (gainsay) செய்ய முடியாது என்கிறது கடிதம். ‘கெயின்’ என்றால் லாபம்தானே? இன்றும் இந்தச் சொல்லை எழுதலாமா, ஐயா?
– வாசகி, திருவிடைமருதூர்

பதில்: அம்மா, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுதியவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவர்.

லாபத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. லாபத்தைக் குறிக்கும் ‘கெயின்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கெயின்சே’யில் உள்ள ‘கெயின்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், பொருள் ‘எதிர்’. ‘அகெயின்ஸ்ட்’ என்பதன் வயிற்றுக்குள் இன்றும் அது இருக்கிறது. எதிர்த்துச் சொல்வது ‘கெயின்சே’. லத்தீனிலிருந்து வந்த ‘கான்ட்ரடிக்ட்’டும் இதே இரண்டு துண்டுகளால் ஆனதுதான். வந்த சொல் கூடத்தில் அமர்ந்துகொண்டது. வீட்டுச் சொல் திண்ணைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கும்பகோணத்தில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் இதை லூக்கா 21-ஆம் அதிகாரத்தைக் கொண்டுதான் விளக்குவேன். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், பகைவர்களால் ‘கெயின்சே’ செய்ய முடியாத வாக்கைத் தருவேன் என்கிறார் இயேசு. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘எதிர்பேச’ என்றே இருக்கிறது.

அங்கும் ‘முடியாது’, உங்கள் கடிதத்திலும் ‘முடியாது’. கவனித்தீர்களா? இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலும் ‘யாராலும் முடியாது’, ‘யாரால் முடியும்?’ என்ற துணையோடுதான் வரும். நம்மிடம் அச்சாக அப்படி ஒரு சொல் உண்டு: மறுப்பதற்கில்லை. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை என்று எழுதுகிறோம். ‘மறுப்பதற்கிருக்கிறது’ என்று யாராவது எழுதுகிறார்களா?

ஆகவே கட்டுரையிலும் மேடையிலும் தயங்காமல் பயன்படுத்துங்கள். அன்றாடப் பேச்சில் வேண்டாம். வரப்பில் நின்று பக்கத்து வயல்காரர் சொல்வதை நீங்கள் மறுத்தால், அதற்குக் ‘கான்ட்ரடிக்ட்’ போதும். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும் அதுதான். அங்கே ‘கெயின்சே’ நுழையவே முடியாது. இறந்தகாலத்தில் ‘கெயின்செட்’ என்று உச்சரியுங்கள்.

தாத்தாவின் முறைத்தண்ணீர் எவ்வளவு என்று கடிதத்தில் இருக்கிறதா? இருந்தால் அவசியம் எழுதுங்கள்.