ஏலத்தோட்டப் பாதைக்குப் பனி தள்ளும் பிளேடு சரிப்படுமா?

போடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கேரளத்தில் உடும்பஞ்சோலைப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டம். ரோட்டிலிருந்து ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் வரை அரை கிலோமீட்டர் மண் பாதை. இன்னொரு துண்டு நிலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து சேறும் சரளையும் இறங்கி ஜீப் ஏற முடியாமல் போகிறது. என்னிடம் கைப்பிடி வைத்த நாலு சக்கர வண்டி, பழைய ஏடிவி ஒன்று இருக்கிறது, 500 சிசி. கொச்சியில் ஒரு புரோக்கர், வெளிநாட்டில் பனி தள்ளுகிற ஐந்தடி பிளேடை, அதைத் தூக்கி இறக்குகிற வின்ச்சோடு சேர்த்து 90,000 ரூபாய்க்குத் தருகிறேன், எந்த வண்டிக்கும் மாட்டலாம், சப்சிடியும் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

முதலில், அந்தப் புரோக்கருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிளேடு உங்கள் பாதைக்கு ஓரளவு உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற வேலைக்கும் அது செய்யக்கூடிய வேலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு விலை பேசலாம்.

புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். நனைந்த மண் அதே கன மீட்டருக்கு 1,800 கிலோ வரும். ஒரு தடவை தள்ளும்போது பிளேடுக்கு முன்னால் கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியாக இருந்தால் 10 கிலோ. சேறாக இருந்தால் 180 கிலோ. உங்கள் ஏடிவியின் எடையே 300 கிலோ சொச்சம்தான். அமெரிக்காவில் ஒருவர் முழங்கால் உயரப் பனியை அலட்சியமாகத் தள்ளிக்கொண்டு போகிற வீடியோவைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். அதே உயரத்துக்குச் சேறு நின்றால் வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும், பெல்ட் கருகும்.

ஆகவே உங்கள் பாதையில் இதன் வேலை சுரண்டி எடுப்பதுதான். மழை விட்டதும், இறங்கிய மண் இறுகுவதற்குள், நாலு விரற்கடைக் கனத்துக்குள் படிந்திருப்பதை ஓரம் தள்ளலாம். சிதறிய சரளையை இழுத்துப் பரப்பலாம். மேடு பெயர்ந்து விழுந்த மண்ணுக்கு ஜேசிபிதான். அங்கே ஏடிவியைக் கொண்டு போகவே வேண்டாம். பெரிய நிலச்சரிவை மலையாளத்தில் உருள்பொட்டல் என்பார்களே, அதற்கு முன்னால் எந்த பிளேடும் கணக்கில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை எச்சரிக்கை நாட்களில் இடுக்கி கலெக்டர் மண் வேலைக்குத் தடை போடுவது வழக்கம். மேட்டு மண் நீர் குடித்து ஊறி நிற்கிற நேரம் அது. தடை இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் அடிவாரத்தைச் சுரண்டாதீர்கள்.

இனி அகலம். ஏடிவி நாலடி அகலம். பிளேடைச் சாய்த்து வைத்தால் அது துடைக்கிற அகலம் குறையும். ஐந்தடி பிளேடை 30 பாகை சாய்த்தால் நாலடி நாலங்குலம்தான் மிஞ்சும். அதனால்தான் பனிக்கு ஐந்தடி எடுக்கிறார்கள். சாய்த்த பிறகும் சக்கரத் தடத்தை மூடிவிடும். உங்களுக்கு நாலரை அடி போதும், சாய்வை 20 பாகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தடமும் மூடும், சுமையும் குறையும். பிளாஸ்டிக் பிளேடில் பனி ஒட்டாமல் வழுக்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர்ச் சரளைக்கு இரும்புதான், அதிலும் அடியில் தேயும் பட்டையைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். பட்டையின் நுனியும் தேய்ந்து பிளேடும் தேய்ந்த பழைய சரக்கைப் பெயின்ட் அடித்துப் புதிதென்று தள்ளிவிடுகிறார்கள். கீழே குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

நான் பெரிதாகப் பயப்படுவது "எந்த வண்டிக்கும் மாட்டலாம்" என்ற வார்த்தைக்குத்தான். பிளேடில் ஏமாறுகிறவர்கள் குறைவு, தட்டில் ஏமாறுகிறவர்களே அதிகம். பிளேடும் அதைத் தள்ளும் குழாயும் பொதுவாக இருக்கலாம். வண்டியின் சட்டத்தில் மாட்டுகிற தட்டு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல், சில சமயம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தத் தட்டு இல்லாமல் பிளேடு வாங்குவது காலணா பிரயோஜனமில்லை. வாங்கி வந்த பிறகு தட்டு பொருந்தவில்லை என்று போன் செய்தால், பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு ஆங்கிள் வைத்து ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அப்படி ஒட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. மூன்றாவது நாளே ஒரு பலா வேரில் பிளேடு மாட்டி, முன் சட்டம் கிழிந்து, ரேடியேட்டர் வரை போய்விட்டது. பிளேடில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு பழுதுக்குப் போனது. விற்றவர் போன் எடுக்கவில்லை.

அதே வெல்டிங் கடைகளில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பிளேடுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கும். கல்லோ வேரோ தட்டினால் பிளேடின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து கொடுத்து, தாண்டியதும் நிமிர்வதற்காக அது. சேற்றைத் தள்ளும்போது பிளேடு அடிக்கடி சாய்கிறது, பிடிப்பே இல்லை என்று நாம் புலம்பினால், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கம்பி வைத்து இறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். பிளேடு சாய்கிறது என்றால் சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் தூக்கி, பாதி மண்ணை விட்டுவிட்டு, இரண்டு தடவையாகத் தள்ளுங்கள். இறுக்கிக் கட்டிய பிளேடு கல்லில் மோதினால் அந்த அடி கைப்பிடி வழியாக ஓட்டுகிறவருக்குத்தான் வரும்.

வின்ச் 2,500 பவுண்டு இழுவை போதும். அதில் இரும்புக் கம்பி இருந்தால் வின்ச்சுக்கான செயற்கை இழைக் கயிறாக மாற்றிவிடுங்கள். பிளேடை நாளெல்லாம் ஓரடி தூக்கி ஓரடி இறக்கும்போது கம்பி ஒரே இடத்தில் மடிந்து நைந்து அறுந்துவிடும். பிளேடின் இரண்டு ஓரத்திலும் உள்ள பாதங்களை அரை அங்குலம் கீழே இறக்கி வைத்தால் பாதையின் சரளையும் சேர்ந்து போகாது. ஓட்டுவது எப்போதும் லோ கியரில், நான்கு சக்கர இழுவையில், நடக்கிற வேகத்தில். முன்பக்கம் கனத்திருப்பதால் பின் கேரியரில் மணல் மூட்டை வையுங்கள், வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல். இறக்கத்தில் பிளேடை உயரத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

எந்தப் பக்கம் தள்ளுவது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மேட்டுப் பக்கத்து வாய்க்காலில் தள்ளினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் பாதையில்தான் ஓடும். பள்ளத்துப் பக்கம் தள்ளும்போது விளிம்பை நோக்கி நேராகத் தள்ளக் கூடாது. நம் பாதைகளில் அந்த ஓரம் கொட்டி நிரப்பிய மண், மழையில் சோறு மாதிரி குழைந்திருக்கும். பாதை நெடுகப் பிளேடைச் சாய்த்துக்கொண்டு போய் மண் தானாக ஓரம் ஒதுங்கும்படி செய்யுங்கள். பனி ஊர்க்காரர்கள் முதல் பனியையே நன்றாகத் தள்ளி ஒதுக்கிவிடுவார்கள், ஒதுக்கிய பனி உறைந்து இறுகி அடுத்த முறை பாதை குறுகிவிடும் என்பதால். நமக்கு அந்த வரப்பு வேறு விதத்தில் எமன். ஓரத்தில் ஒதுங்கிய மண் காய்ந்து கரை கட்டினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பாதையையே அறுத்துக்கொண்டு ஓடும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் மம்பட்டியால் வெட்டி வாய் விடுங்கள். பிளேடு வாங்குகிற பலர் இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல், மறு மழைக்குப் பாதை போச்சே என்று பிளேடைத் திட்டுகிறார்கள்.

சப்சிடி விஷயத்துக்கு வருகிறேன். பண்ணை இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பவர் டில்லர், களை வெட்டும் கருவி போன்றவற்றுக்கு உண்டு, பனி பிளேடுக்கு இல்லை. இருப்பதற்கும் நடுவில் ஆள் தேவையில்லை. நிலம் கேரளத்தில் இருப்பதால் அங்கே கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதோடு அவர்களுடைய வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேட்க வேண்டும். நம் தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக் கணக்கில் வாடகைக்கு இயந்திரம் கிடைக்கிறது, இ-வாடகை செயலியிலேயே பதியலாம், ஆனால் அது எல்லையில் இருக்கிற போடிமெட்டைத் தாண்டாது. போடியில் குடியிருந்து உடும்பஞ்சோலையில் ஏலம் வளர்ப்பது தலைமுறைகளாக நடக்கிறது. இரண்டு அரசும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். யார் பேசுவது?

ரோட்டைத் தாண்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஏடிவிகள் பெரும்பாலும் பதிவில்லாதவை. தோட்டத்துக்குள் ஓட்டலாம், பொது ரோட்டில் ஏறக் கூடாது, பத்தடி குறுக்கே கடப்பதும் ரோட்டில் ஏறியதுதான். இதற்கு ஒரு விலக்கு உண்டு. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டி டிராக்டராகப் பதிவு செய்யக்கூடிய வடிவில் 2020இல் இங்கே வந்தது. தெரிந்தவர்கள் சொல்லி, அதே பெயருள்ள பழைய வண்டியை வைத்துக்கொண்டு தன் வண்டியும் டிராக்டர்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, ஆர்சி புத்தகத்தில் டிராக்டர் என்று இருக்க வேண்டும். அந்த வடிவமாக இல்லாத வண்டியைப் பிறகு டிராக்டராக மாற்றிப் பதிகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆர்சி இருந்தாலும் வேலை முடியவில்லை: தேனியில் பதிந்த வண்டி 12 மாதத்துக்கு மேல் கேரளத்திலேயே நின்றால் அங்கே பதிவை மாற்ற வேண்டும், அதற்கு இங்கே தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வண்டி வாரம் ஒருமுறை போடிக்கு இறங்கி வருகிறதா, அங்கேயே ஷெட்டில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது இது. உங்களுடையது ஷெட்டில் கிடப்பது என்று தோன்றுகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்தப் பக்கத்துத் துண்டு நிலத்துக்கு ஆள் வைத்தே வேலை பாருங்கள்.

வண்டியின் கம்பெனி, மாடல், ஆண்டு மூன்றையும் சட்டத்தில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். எந்தத் தட்டு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். தட்டு கையில் வந்த பிறகு பிளேடுக்கு அலையலாம்.