முதல் பாடம் அம்மாவின் செல்லைப் பற்றி

கேள்வி: நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஹைடெக் லேபில் இணையப் பாதுகாப்பு வீடியோ போட்டேன், எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமே ஒரு பையன் கூடப் படிக்கிற பிள்ளையின் போட்டோவைக் கேலி ஸ்டிக்கராக்கி குரூப்பில் விட்டுவிட்டான். எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?

வீடியோவை ஓரம் வையுங்கள் டீச்சர். அதெல்லாம் சொந்த செல் வைத்திருக்கிற பிள்ளைகளை நினைத்து எடுப்பது. உங்கள் ஊரில் பல பிள்ளைகள் கையில் இருப்பது பீடி சுற்றுகிற அம்மாவின் செல். ஜிபே, பேங்க் மெசேஜ், குழுத் தவணை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஃப்ரீ ஃபயர் கேமுக்கு டைமண்ட் இலவசம் என்று வந்த ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே வருகிற ஆப்பை, பிள்ளை இறக்கி, கேட்டதற்கெல்லாம் 'அனுமதி' கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபியை அது படித்து வெளியே அனுப்பிவிடும், போவது அம்மாவின் கூலி. அங்கிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

எச்சரிக்கை வாசிப்பதை விட மோசடி மெசேஜை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி கட் ஆகும்' என்று ஒரு குழு எழுதட்டும், இன்னொரு குழு அதில் எங்கே பயமுறுத்துகிறார்கள், எங்கே அவசரப்படுத்துகிறார்கள் என்று பிரித்துக் காட்டட்டும். நல்ல சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. கூடவே இதையும் பதிய வையுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் வெளியே போகப் போகிறது. போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. சீக்கிரம் கூப்பிட்டால் மோசடிக்காரன் எடுப்பதற்குள் பேங்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

சரி, ஸ்டிக்கர் விஷயம். கேலியோடு நின்றிருந்தால் அழித்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் பேசி, பையனின் வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் ஆபாசமாக மாற்றிய படம் என்றால் ஹெச்எம் அறையில் வைத்துச் சமாதானம் பேசி முடிக்கிற வேலையே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகு போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம், அது ஆசிரியருக்கும் பொருந்தும். பலர் இங்கே செய்கிற இன்னொரு தப்பு, ஆதாரத்துக்கு என்று அந்தப் படத்தைத் தங்கள் செல்லுக்கே ஃபார்வர்ட் செய்வது. வேண்டவே வேண்டாம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அனுப்புவதும் இறக்கி வைப்பதும் குற்றமாகவே வருகிறது. குரூப் பெயர், நம்பர், நேரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

நம்ம பக்கம் இன்னொன்றும் இருக்கிறது, இதை வீடியோவில் யாரும் சொல்ல மாட்டார்கள்: சாதிப் பெருமை ரீல்ஸ், ஸ்டேட்டஸ். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகும் இதை விளையாட்டு என்று விட முடியாது. அப்படிப் போடுகிறவனை வகுப்பில் பெயர் சொல்லித் திட்டினால் அவனுக்கு அதுவே பெருமையாகிவிடும். தனியாகக் கூப்பிட்டு, 'இதை உன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் பார்த்தால் என்ன நினைப்பான்' என்று கேளுங்கள்.

ஆனால் ஒரு பிள்ளை தானாக வந்து 'எனக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது' என்று சொன்னால் செல்லைப் பிடுங்கக் கூடாது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் கெஞ்சியாவது ஒப்புதல் வாங்குங்கள். பிடுங்குவார்கள் என்ற பயத்தில்தான் மிரட்டுகிறவனுக்குப் பணிந்து போகிறார்கள். இது அமையாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது, என் அனுபவத்தில்.

அப்புறம் வீட்டுப்பாடம் ஒன்று. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவர் வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் பிள்ளை போட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு இலக்கப் பின்னை அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும், வாட்ஸ்அப் அவ்வப்போது திரும்பக் கேட்கும் என்பதால் மறக்காத எண்ணாக. அதை அடிக்கும்போது பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.