அண்ணனுக்கு வில்சன் நோய்; தங்கைக்கு எந்தச் சோதனை?

கேள்வி: என் 14 வயது மகனுக்கு அடுத்தடுத்து காமாலை வந்தது. கடைசியில் ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய் என்றார்கள். 9 வயது மகளையும் சோதிக்கச் சொல்கிறார் டாக்டர். அவள் நன்றாகத்தான் ஓடியாடுகிறாள். வீண் செலவு என்கிறார்கள் உறவினர்கள். செப்புக் குடத்துத் தண்ணீரால் வந்திருக்குமா? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: குடத்தின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. சாப்பாட்டில் எல்லோருக்கும்தான் செம்பு சேருகிறது. மிச்சத்தை ஈரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும். உங்கள் மகனுக்கு அந்த வேலையைச் செய்யும் மரபணு பழுது. அதனால் செம்பு முதலில் ஈரலில் தேங்கி, அப்புறம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. குடத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள், அது சரி. ஆனால் குடத்தை மாற்றினால் நோய் போய்விடாது.

மகளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய். ஆகவே கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இப்போதே கண்டுபிடித்தால் மாத்திரையோடு சாதாரணமாக வாழலாம். உண்மையில் இதை அண்ணன் படுத்த வாரமே ஆஸ்பத்திரி செய்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ஒரு வரி கிறுக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள்!

ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்தால் இந்த அளவு தானாக ஏறும். நோயுள்ள குழந்தைக்கும் 'நார்மல்' என்று வந்துவிடும். போன வாரம் சளிக்காய்ச்சல் இருந்ததா என்று லேபில் யாரும் கேட்கப்போவதில்லை. நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். நார்மல் என்ற ஒரே சீட்டை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். கருவிழி ஓரத்தில் செம்பு படிந்து உண்டாகும் வளையம் இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான், அதை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வளையம் தெரியாது.

அடுத்தது, 24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு செம்பு போகிறது என்று பார்க்கும் சோதனை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, மறுநாள் காலை முதல் சிறுநீரையும் சேர்த்து, ஒரு சொட்டு விடாமல் லேப் தரும் பிளாஸ்டிக் கேனில் சேர வேண்டும். வீட்டுச் சொம்பில் பிடித்து ஊற்றக்கூடாது, உலோகம் கலந்து கணக்கே மாறிவிடும். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மரபணுச் சோதனை என்று வீட்டுக்கே வரும் ஏஜென்டிடம் ஜாக்கிரதை. பெண்ணுக்கு எல்லா மரபணுவையும் பார்க்கும் பெரிய பேக்கேஜைத் தலையில் கட்டுவார். முதலில் மகனுக்கு, செம்பை வெளியேற்றும் அந்த ஏடிபி7பி மரபணுவில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மகளுக்கு அந்த இடங்களை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, பதிலும் தெளிவு. ஒரே ஒரு பிரதியில் பழுது என்று வந்தால் அவளுக்கு நோய் இல்லை, மருந்தும் வேண்டாம்.

'ஈரல் கிளீன்' பொடி விற்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே மாதங்களைக் கடத்தும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. தாமிர பஸ்பம் என்றால் கேட்கவே வேண்டாம், செம்பையே ஊட்டுகிறீர்கள்.

கடைசியாக மகன் விஷயம். தேங்கிய செம்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தை வெறும் வயிற்றில் கொடுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள், அந்த மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தேறிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தினால் ஈரல் திடீரென்று செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். பல கடைகளில் இது இருக்காது. பெயரைப் பார்த்துப் பெனிசிலின் எடுத்துக் கொடுப்பவரும் உண்டு, அட்டையைப் படித்து வாங்குங்கள். இரண்டு வார மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள்.