அந்த ராத்திரி நான் எழுந்து நிற்க வேண்டுமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு வருடமாக உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை.

எங்களுடையது சின்ன சபை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பிரசங்கத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் சாட்சி சொல்ல விடுவார்கள். வருடம் முழுக்கக் கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தார். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. ஆகஸ்டில் இறந்துவிட்டார். எங்கள் தெருவிலேயே இன்னொரு அண்ணனுக்கும் இதே வியாதி. அவருக்கு அவருடைய அக்காள் ஒரு சிறுநீரகம் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். எங்களுக்குக் கொடுக்க முன்வந்தவர்கள் யாருடையதும் பொருந்தவில்லை. அடுத்த மாதம் பிரதிஷ்டைப் பண்டிகையில் அந்த அண்ணனுடைய மனைவி சாட்சி சொன்னார். "நாங்கள் சந்தேகப்படாமல் விசுவாசித்தோம், கர்த்தர் புதுச் சிறுநீரகம் தந்தார்" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் சேலை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் சந்தேகப்பட்டோமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா வந்து, 31ஆம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார். "கர்த்தர் உன்னை எப்படித் தேற்றினார்னு மட்டும் சொல்லும்மா, மத்த விதவைகளுக்கு ஆறுதலா இருக்கும். அழுதிராத" என்றார். அவர் என்னைத் தேற்றினாரா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை அண்ணாச்சி. இல்லாததைச் சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகாதா? எழுந்து நிற்காவிட்டால் அவரை மறுதலித்ததாக ஆகுமா?

ஒரு சகோதரி
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவியும் வாசித்தாள். "அழுதிராத" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகுதான் மிச்சத்தை வாசித்தாள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். எழுந்து நிற்காவிட்டால் மறுதலிப்பு இல்லை. நீங்கள் பெஞ்சிலேயே இருக்கலாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்காவிடம், "இந்த வருஷம் வேண்டாம் அக்கா" என்றால் போதும். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார், புரிந்துகொள்வார்.

ஆனால் உங்களிடம் சொல்வதற்குச் சாட்சி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த எண்ணத்தை உங்களுக்குத் தந்தது, நாம் சாட்சி என்ற சொல்லைப் பல வருடமாகப் புழங்கிவந்த விதம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஒரு வாலிபர் முகாமில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பழக்கிவிட்டார்கள்: முன்பு எப்படி இருந்தேன், எப்போது கர்த்தரால் சந்திக்கப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறேன். என்னிடம் பெரிய 'முன்பு' எதுவும் இல்லை. ஞாயிறுப் பள்ளி, பாடகர் குழு, வீட்டு ஜெபம் என்று வளர்ந்தவன். அதனால் ஒன்றை உண்டாக்கினேன். அப்பாவோடு ஒருநாள் நடந்த வாக்குவாதத்தைப் பெரிதாக்கி, வீட்டைவிட்டு ஓடிப்போகத் துணிந்து ரயில் நிலையம் வரை போனதாகச் சொன்னேன். கூட்டம் கண் கலங்கியது. அன்று ராத்திரி, என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் படுக்கைக்கு அருகே வந்து உட்கார்ந்தான். அவன் நிஜமாகவே ஓடிப்போகும் எண்ணத்தில் இருந்தான். "ஸ்டேஷன்லருந்து உங்கள எதுண்ணே திருப்பிக் கூட்டிட்டு வந்துச்சு?" என்று கேட்டான். நான் போகாத ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வந்த வழியை அவனுக்கு எப்படிச் சொல்வேன்? ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பினேன். அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பல வருடம் நான் சாட்சி சொல்லவில்லை.

சாட்சி என்ற சொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. அக்ஷி என்றால் வடமொழியில் கண். கண்ணால் கண்டவர்தான் சாட்சி. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறியவர் கண்டதைச் சொன்னால் போதும், தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்தவரிடம் நாம் தீர்ப்பையும் சேர்த்தே எதிர்பார்க்கிறோம். கதை நன்றாக முடிந்திருக்க வேண்டும். இன்னும் முடியாத கதையோடு இருப்பவர்கள் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் தெருச் சகோதரியின் சந்தோஷத்தில் எந்தப் பிழையும் இல்லை. வீட்டுக்காரர் பிழைத்திருக்கிறார், அதை ஊர் கேட்கச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் அந்தச் சாட்சி குறைபட்டுப் போயிற்று என்றே எனக்குப் படுகிறது. ஒன்று, அந்த அக்காள். தன் விலாவுக்குக் கீழே கத்தி வைக்கச் சம்மதித்து, உயிருள்ள ஓர் உறுப்பைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, இனி வாழ்நாள் முழுக்க ஒரே சிறுநீரகத்தோடு இருக்கப்போகிற அந்த அம்மாளின் பெயர் சாட்சியில் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அந்த நாலுபேரை விட்டுவிட்டு அந்த அற்புதத்தைச் சொல்லவே முடியாது. கர்த்தர் தந்தார் என்பதும் அக்காள் தந்தாள் என்பதும் ஒரே சாட்சிதான்.

இரண்டாவது, "சந்தேகப்படாமல் விசுவாசித்தோம்" என்ற வாக்கியம். அவர் உங்களை நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அது மூன்று வருடம் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த உங்கள்மேல் வந்து விழுந்தது. அவர் வாங்கியது விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி என்றால், நீங்கள் இழந்தது எதற்கு? இந்தக் கணக்கை, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் இருபது அதிகாரத்துக்கு மேல் போட்டுப் பார்த்தார்கள். ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாக இருந்தவர்கள் அவர்கள். கடைசியில் கர்த்தர் அவர்களிடம் சொன்னது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." அழுது, கோபப்பட்டு, தான் பிறந்த நாளையே சபித்த யோபுவின் பேச்சைத்தான் அவர் நிதானமான பேச்சு என்கிறார். உங்களிடம் "அழுதிராத" என்று சொல்பவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டலாம்.

எபிரெயர் பதினொன்றாம் அதிகாரத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம். விசுவாச வீரர்கள் என்று தலைப்பு வைத்து, எரிகோவின் மதில் விழுந்தது வரை உற்சாகமாகப் பிரசங்கம் செய்வோம். முப்பத்தைந்தாம் வசனத்தின் நடுவில் அது திரும்புகிறது. சாகக்கொடுத்தவர்களைத் திரும்பப் பெற்ற ஸ்திரீகளைப் பற்றிச் சொன்ன கையோடு, "வேறு சிலர்" என்கிறது. வாதிக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், பட்டயத்தால் வெட்டப்பட்டவர்கள். முடிவில், "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பெறாதவர்களிடம் விசுவாசம் குறைவு என்ற பேச்சே அங்கே இல்லை.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒருவர் இருந்தார். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார். தென்னாட்டில் ஊழியத்தின் நிலைமை உண்மையில் எப்படி இருக்கிறது, எத்தனை வாசல் மூடிக் கிடக்கிறது என்று அவர் எழுதி அனுப்பிய கையெழுத்துப் பிரதியை, எழுதித் தரச் சொன்னவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்பவர்களுக்குச் சோர்வு வரும், இன்னும் உற்சாகமாக மாற்றித் தரவேண்டும் என்றார்கள். அவர் மாற்றவில்லை. 1903இல் அது அப்படியே புத்தகமாக வந்தது. பிறகு 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. டோனாவூரே அவருடைய சுகத்துக்காக ஜெபித்தது. சுகம் வரவில்லை. 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள்தான் அவர் இருந்தார். அங்கிருந்தபடியே வியாதிக்காரர்களுக்காக எழுதினார். எழுந்து நடமாடுகிற ஒருவர் எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களைப் படுக்கையில் கிடப்பவர்கள் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் எங்கும் எழுதியதில்லை. என் அம்மாவின் ஊர்ச் சபையில் ஸ்தோத்திர காணிக்கைக் கவர்களைச் சபை ஊழியர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பரீட்சையில் தேறியதற்காக, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டதற்காக, விபத்தில் காத்ததற்காக. அந்தச் சபையில் பனையேறி ஒருவருடைய விதவை இருந்தார். அவருடைய ஒரே மகன் பதினொரு வயதில் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அடுத்த வருடம் அதே வாரத்தில் அவருடைய கவர் வந்தது. எழுதத் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். ஊழியர் வழக்கமான குரலில் வாசிக்க ஆரம்பித்தார்: "பதினொரு வருஷம் என் பிள்ளையை என்கூட வச்சிருந்ததுக்காக. பன்னிரண்டாவது வருஷம் ஏன் தரலன்னு எனக்குத் தெரியல." அடுத்த கவரை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, ஒவ்வொரு பெண்ணாக அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் துக்கத்தை மறைத்துவைத்திருந்த இரண்டு மூன்று பேர் அந்த வருடம் அவரிடம்தான் போய்ப் பேசினார்கள் என்று அம்மா பின்னால் சொன்னாள்.

ஆகையால், தங்கச்சி, பேச மனமிருந்தால் பேசுங்கள். இரண்டு நிமிடம் போதும். அவர் எத்தனை வருடம் உங்களோடு இருந்தார் என்று சொல்லுங்கள். டயாலிசிஸ் நாட்களில் யார் கூட வந்தார்கள், யார் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, பொருந்தாது என்று தெரிவதற்கு முன்னால் யாரெல்லாம் கொடுக்க முன்வந்தார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். ஆறுதல் இன்னும் வரவில்லை என்றால், "இன்னும் காத்திருக்கிறேன், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அதையும் சொல்லுங்கள். அது பொய்ச்சாட்சி ஆகாது. நடுவில் அழுகை வந்தால் அழுங்கள், சபை காத்திருக்கும். காத்திருக்கத் தெரியாத சபையாக இருந்தால் அன்றைக்குக் கற்றுக்கொள்ளட்டும். முன்னதாக ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லி, எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கக் கேட்கலாம். இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. இருந்தும் அதைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

முடியவில்லை என்றால், முன்னே சொன்னதுபோல, பெஞ்சிலேயே இருங்கள்.

நீங்கள் கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதவில்லை. எனக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்த ராத்திரி எங்கள் வீட்டு ஜெபத்தில், இத்தனை வருடம் அவரை உங்களோடு வைத்திருந்ததற்காகப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வேண்டும் என்று என் மனைவி கேட்கிறாள்.

அன்புடன்,
அண்ணாச்சி